தோண்ட வேண்டாம், மூடி வை

நைனா,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு, "லெட்டர் எழுதறேன்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ சிரித்தாய். "இந்தக் காலத்துல யாருமா லெட்டர் எழுதறாங்க, வாட்ஸ்அப்புல வாய்ஸ் போடு" என்றாய். உன் அம்மாவுக்கு வாயால் சொல்ல வராது. பட்டு கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் தபால் பிரிவில் உட்கார்ந்திருந்தவள் நான். வருகிற கடிதத்துக்கு ஒரு எண், போகிற கடிதத்துக்கு ஒரு எண், நகல் யார் யாருக்கு என்று கீழே ஒரு வரி. ஒரு விஷயம் தாளில் ஏறினால்தான் அது நடந்தது என்று என் புத்தி ஒத்துக்கொள்ளும். அதனால் தாளை எடுத்திருக்கிறேன். காலைச் சமையலை முடித்துவிட்டு, செவிலிமேட்டு வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு எதிரில் இருக்கிற இடம் எது என்று உனக்குத் தெரியும். ஆறு வருஷமாக அங்கே ஒன்றும் இல்லை. துவைத்த தண்ணீர் ஓடிப் போய் அங்கே தேங்கி, தானாகவே காய்ந்துபோகிறது.

நீ கேட்டது என்ன என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் பேச்சு மாறக் கூடாது. அடுத்த மாதம் அங்கே இங்கிலாந்தில் உனக்கும் ஜின்சிக்கும் பதிவுத் திருமணம். இது தெரிந்ததும் தாமல் அத்தை உனக்குப் போன் போட்டிருக்கிறாள். உன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு வாழை நிற்கிறதே, அதற்கு மஞ்சள் கயிறு கட்டி வெட்டிவிடு, வெட்டினால் மட்டும் போதாது, கிழங்கோடு தோண்டி எடுத்துவிடு, போன தடவை விட்டது போல இந்தத் தடவையும் விட்டுவிடாதே என்று சொல்லியிருக்கிறாள். "என்னமா பண்ணட்டும்? அத்தை சொல்றத செஞ்சிடட்டுமா?" என்று என்னைக் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் குரலை இறக்கிக்கொண்டு இன்னொன்றும் கேட்டாய். "ஜின்சிக்கும் எதனா ஆயிடுச்சுன்னா?"

அந்த இரண்டாவது கேள்விதான் என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது. உனக்கு முப்பத்தெட்டு வயது. இன்ஜினியர். ராகு காலத்தில் பைக் வாங்கி, அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். அப்படிப்பட்டவன் ஒரு வாழையைப் பார்த்துப் பயப்படுகிறாய். இந்தப் பயத்தை அத்தை கொடுத்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் சும்மா பேசினாள். கொடுத்தவள் நான். எப்படிக் கொடுத்தேன், ஏன் கொடுத்தேன் என்று இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன். அம்மா அழுதுகொண்டே எழுதுகிறாள் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. எனக்கு அழுகை வந்து வருஷக்கணக்காகிறது. மருமகள் சுகந்தி போனபோதும் வரவில்லை, நீ விமானம் ஏறினபோதும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரிதான் இருக்கிறது. கன்னம் இருப்பது தெரிகிறது, அவ்வளவுதான்.

உன் முதல் கல்யாணத்துக்கு முன்னால் ஜாதகத்தில் களத்திர தோஷம் என்றார்கள். முதல் தாரம் நிலைக்காது, அதனால் முதல் தாலியை ஒரு வாழைக்குக் கட்டி, அந்த வாழையை வெட்டிவிட்டால் தோஷம் அதோடு போய்விடும் என்று ஜோசியர் சொன்னார். எனக்கு அதில் பெரிய நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. ஆபீஸில் ஒரு படிவம் கேட்டால் பூர்த்தி செய்து கொடுத்துவிடுவோம் இல்லையா, அப்படித்தான் சரி என்றேன். நம் பின்பக்கத்துப் பூவன் வாழைக்கு நீ வேட்டி கட்டிக்கொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டு, மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைக் கட்டினாய். "மா, பொண்ணு கொஞ்சம் உயரமா இல்ல?" என்று கேட்டாய், ஜோசியர் முறைத்தார். பிறகு நான் அரிவாளால் தரையோடு வெட்டினேன். "வேரோட எடுத்துடணும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் போனார். நான் எடுக்கவில்லை. பக்கத்திலேயே ஈட்டி மாதிரி இலை விட்டு ஒரு பக்கக்கன்று நின்றது. கிழங்கைத் தோண்டினால் கன்றும் போய்விடும். நல்ல கன்றை வீணாக்க, வாழை வளர்க்கிறவள் யாருக்கும் கை வராது. அன்று சாயங்காலமே வெட்டின இடத்தின் நடுவிலிருந்து ஒரு சுருள் விரல் நீளத்துக்கு மேலே வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தேன்.

சுகந்தி வந்த மறுநாளே அந்த வாழை முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அத்தே, இதுதான் எனக்கு மூத்தவங்களா?" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். "உங்க புள்ளதான். எனக்கு முன்னாடி ஒருத்தி இருக்கான்னு அவரே ஒத்துக்கினாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து அந்த வாழைக்கு அவள் வைத்த பெயர் அக்கா. "அக்காக்குத் தண்ணி போச்சா?", "அக்கா இல ஒண்ணு அறுத்துக்கட்டுமா அத்தே?", "அக்கா இன்னா இப்டி காத்துல கிழிஞ்சி போயிட்டாங்க?" முதல் தார் வந்தபோது தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரு சீப்பு கொண்டுபோய்க் கொடுத்து, "எங்க அக்கா குடுத்து வுட்டாங்க" என்றாள். பக்கக்கன்று ஒன்றைத் தோண்டிச் சாக்கில் சுற்றி, திருப்பருத்திக்குன்றத்தில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனாள். லக்கேஜ் என்று கண்டக்டர் சண்டை பிடித்திருக்கிறார். "புள்ளைக்கு டிக்கெட் கேக்கறாரு அத்தே" என்று வந்து சொன்னாள். அந்த வீட்டில் அத்தனை சத்தம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. உங்கப்பா இருந்த காலத்தில்கூட நாங்கள் இருவரும் தேவைக்குத்தான் பேசிக்கொண்டோம்.

மூன்றாவது வருஷம் காய்ச்சல் வந்து, புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்து சென்னைக்கு ஆம்புலன்ஸில் போய், வெள்ளிக்கிழமை விடியும்போது அவள் இல்லை. அந்த மூன்று நாளைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லை, நீ கூட இருந்தாய். புதன்கிழமைக்கு முந்தின நாள் நீ இல்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தாமல் அத்தை கை கழுவப் பின்பக்கம் வந்தவள், வாழையைப் பார்த்து நின்றுவிட்டாள். அப்போது அது நாலைந்து மரமாகிக் குலை தள்ளி நின்றது. "அண்ணி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அது நின்னுக்கினு இருக்குது பாருங்க. அது போயிருக்கணும். அது போவல, அதான் இவ போயிட்டா" என்றாள். அவள் கெட்டவள் இல்லைப்பா. உங்கப்பா போனபோது நம் வீட்டில் வந்து ஒரு மாதம் கிடந்தவள். துக்க வீட்டில் எதையாவது பேசியாக வேண்டுமே என்று பேசினாள். எல்லோரும் போன பிறகு, மதியம் ஒரு மணி இருக்கும், கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்த் தோண்ட ஆரம்பித்தேன். மரங்களைச் சாய்த்தேன், கிழங்கைப் பிளந்தேன், கன்றுகளைப் பிடுங்கினேன், பிள்ளை கையளவு இருந்த முளையைக்கூட விடவில்லை. நீ உள்ளேயிருந்து வந்து படியில் நின்றாய். "ஏம்மா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாய். "எடத்த அடைச்சிக்கினு இருக்குது" என்றேன்.

நீ இறங்கி வந்து, பிளந்துபோட்ட கிழங்குத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவர் ஓரமாக வைத்தாய். பிறகு குழாயடியில் நின்று ரொம்ப நேரம் கை கழுவினாய். அத்தை பேசினது உன் காதில் விழுந்திருந்தது என்று எனக்குத் தெரியும். அவள் பேசினது வெறும் பேச்சு. நான் கடப்பாரையை எடுத்ததும் அது உண்மையாகிவிட்டது. சுகந்தி செத்தது உன் ஜாதகத்தால்தான் என்று உன் அம்மாவே ஒப்புக்கொண்டதாக அன்று நீ எடுத்துக்கொண்டாய். ஆறு மாதத்தில் இங்கிலாந்துக்கு வேலை தேடிக்கொண்டு போய்விட்டாய். அன்று நான் கட்டியிருந்த வெளிர்மஞ்சள் சேலையில் பட்ட வாழைக்கறை எத்தனை துவைத்தும் போகவில்லை. அந்தச் சேலையை நான் தூக்கிப் போடவில்லை, வீட்டில் இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். வீடியோ காலில் நீ அதைப் பார்த்திருப்பாய்.

அங்கே போய் இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், "மா, ஒண்ணு காட்றேன் பாரு" என்று போனைத் திருப்பினாய். நீ குடிபோன வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில், புல்தரைக்கும் மரவேலிக்கும் நடுவே ஒரு வாழை. முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள் வைத்துவிட்டுப் போனது என்றாய். நம் பின்பக்கத்து வெறும் இடம்தான் எனக்கு நினைவு வந்தது. காட்டிக்கொள்ளாமல், "என்ன ரகம், பூவனா, மொந்தனா?" என்று கேட்டேன். "ஜப்பான் வாழையாம்மா. குளிர் தாங்குமாம்." "பழம்?" "இந்த ஊர் குளிருக்கு வர்றதே கஷ்டம். வந்தாலும் உள்ள பூரா கொட்டைதான், தின்ன முடியாது." "பின்ன எதுக்கு?" "சும்மாதாமா. பாக்கறதுக்கு." பார்ப்பதற்கு என்று ஒரு வாழையை வளர்ப்பார்களா என்று அப்போது நினைத்தேன். நம் ஊரில் இலைக்கு, பூவுக்கு, தண்டுக்கு, கல்யாண வாசலில் கட்டுவதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. வேலை இல்லாத வாழையை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க அதுவும் சரிதான் என்று பட்டது. கோடையில் வாரத்துக்கு ஒரு இலை விட்டது. தண்ணீரும் எருவும் தாராளமாகப் போடு, வாழை சாப்பாட்டு ராமன் என்று சொன்னேன். காற்றில் இலை நார் நாராகக் கிழிந்தபோது வேலிப்பக்கம் மறைப்புக் கட்டச் சொன்னேன். நாம் இருவரும் அந்த வாழையைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசினோம், மற்ற எதைப் பற்றியும் பேசவில்லை.

அந்த முதல் குளிர்காலத்தில் நீ அதை மூடவில்லை. குளிர் தாங்கும் என்றுதானே சொன்னார்கள், தாங்கட்டும் என்று விட்டுவிட்டாய். ஒரே நாள் உறைபனியில் இலையெல்லாம் கறுத்து ஈரத்துணி மாதிரித் தொங்கிவிட்டது. பிறகு தண்டின் உச்சியில் மழைத்தண்ணீர் இறங்கி, உள்ளுக்குள் அழுகி, தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தது. போட்டோ அனுப்பினாய், கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நான்தான் கூப்பிட்டேன். "செத்துப்போச்சுமா. எடுத்துப் போட்டுட்டு வேற எதனா வெக்கலாம்னு பாக்கறேன்" என்றாய். "தோண்டாத" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. உன் பின்னால் ஏதோ வண்டி போகிற சத்தம் கேட்டது. பிறகு குரலை இறக்கிச் சொன்னேன். "அழுகினத மட்டும் அறுத்து எடு. வெள்ளையா, கெட்டியா இருக்கற எடம் வந்ததும் நிறுத்திடு. கிழங்கு மேல காஞ்ச எலயா போட்டு மூடு. மே மாசம் வரைக்கும் பொறுத்துக்கப்பா." "சரிமா" என்றாய்.

மே மாதம் ஒரு காலையில் அதன் போட்டோ வந்தது. அழுகின தண்டுக்குப் பக்கத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு கட்டை விரல் அளவுக்கு ஒரு பச்சை. நான் பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிற டவுன் பஸ்ஸில் காய்ப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. போனை மூடிப் பையில் வைத்தேன். நம் ஸ்டாப்பில் இறங்க மறந்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தேன். வீட்டுக்கு வந்து பின்பக்கக் கதவைத் திறந்து அந்த வெறும் இடத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு முளைகூட விடாமல் எடுத்திருந்தேன். என் வேலை சுத்தமாகத்தான் இருக்கும்.

அதற்கடுத்த குளிர்காலத்துக்குள் ஜின்சி வந்துவிட்டாள். உன் வாயிலிருந்து அவள் பெயரை நான் முதன்முதலில் கேட்டதே வைக்கோல் விஷயமாகத்தான். குதிரை வைத்திருப்பவர்கள் வாங்குகிற கடையில் வைக்கோல் கட்டு கிடைக்கிறது, ஜின்சி என்று ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஒரு பெண் அவள் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள் என்றாய். நீங்கள் இருவரும் இலைகளை வெட்டிவிட்டு, வாழையைச் சுற்றிக் கம்பிவலை அடித்து, உள்ளே வைக்கோலை அடைத்து, மழை இறங்காமல் உச்சியில் பழைய பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து வைத்ததை வீடியோவில் பார்த்தேன். "அம்மா, இதுக்கு ஸ்வெட்டர் போட்டாச்சு" என்று தெரிந்த தமிழில் ஜின்சி சொன்னாள். அவள் மூக்கு குளிரில் சிவந்திருந்தது. அந்தப் பெண் உன்னோடு இருப்பாள் என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. நல்லது என்றும் நினைத்தேன். பிறகுதான் நீ இந்தக் கேள்வியைக் கேட்டாய்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. நீ கம்பெனி வேலையாக இரண்டு நாள் ஓசூர் போயிருந்தாய். சுகந்திக்குத் திங்கட்கிழமை சாயங்காலமே காய்ச்சல் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். தோளில் கைப்பை மாட்டியிருந்தாள், தலை வாரியிருந்தாள், கிளம்பித்தான் வந்திருந்தாள். "அத்தே, ஒடம்பு முடியல. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமா?" என்றாள். நான் சொன்னேன்: "இன்னிக்கு செவ்வாக்கெழமம்மா. மொத மொத இன்னிக்குப் போயி நிக்க வேணாம். காலைல எழுந்ததும் போயிடலாம். கஷாயம் வெச்சித் தரேன், படு." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரித்தே" என்றாள். கைப்பையைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்தாள். நான் வைத்துக் கொடுத்த கஷாயத்தை முகம் சுளிக்காமல் குடித்தாள். நீ ஓசூரிலிருந்து வந்தபோது, செவ்வாய்க்கிழமை ராத்திரிதான் காய்ச்சல் ஆரம்பித்தது என்று உன்னிடம் சொன்னேன். டாக்டரிடமும் அதையேதான் சொன்னேன். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்று யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடுமே.

இப்போது கடப்பாரை எடுத்த மதியத்துக்குத் திரும்பிப் போ. அத்தை அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. பதினாறு நாளாக அந்தக் கைப்பை கதவுக்குப் பின்னால் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, இல்லை, வாழைதான் காரணம் என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை நான் அதை முழுதாக நம்பினேன். நம்பித்தான் தோண்டினேன். மூன்று மணிக்குக் கடப்பாரையைக் கீழே போட்டபோது நம்பிக்கை போய்விட்டது. ஆனால் அதற்குள் நீ படியில் நின்று பார்த்துவிட்டாய். அப்போதே உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். பழி என்மேல் வராமல் வாழைமேலும் உன் ஜாதகத்தின்மேலும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பெற்ற பிள்ளையின் தலையில் அதை இறக்கி வைத்துவிட்டு, உனக்கு எரு போடு, தண்ணீர் ஊற்று என்று போனில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் இன்னொருத்தியிடம் சொல்ல வேண்டியிருந்தது. முந்தாநாள் திருப்பருத்திக்குன்றத்துக்குப் போனேன். ஆறு வருஷமாகப் போகாத வீடு. சுகந்தியின் அம்மா கூடத்தில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, "வாங்க சம்மந்தி" என்றார். எதிரில் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் புளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். நான் முடித்துவிட்டு, அடிப்பார், போ என்று சொல்வார் என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னார். "எனக்கும் போன் பண்ணா சம்மந்தி. அம்மா, அத்தை நாளைக்குப் போலாம்னு சொல்றாங்கன்னா. நானும், ஆமாண்டி, செவ்வாக்கெழம எதுக்கு, பெரியவங்க சொன்னா கேளுன்னுட்டேன். இன்னிக்கே போடின்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா போயிருப்பா." புளியைத் தட்டில் போட்டுவிட்டு, "ஆறு வருசமா நீங்க வந்து அதக் கேப்பீங்கன்னு பயந்துக்கினு இருந்தேன்" என்றார்.

இரண்டு பேரும் அழவில்லை. அவர் எழுந்து, வாங்க என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சுகந்தி சாக்கில் சுற்றி எடுத்துப்போன கன்று அங்கே ஒரு தோப்பாகவே நிற்கிறது. எண்ணினேன், பதினோரு மரம், கன்றுகள் தனி. "நீங்க தோண்டினது கேள்விப்பட்டேன். இதுவும் அதே மரந்தான. தோசம் மரத்துல இருந்திருந்தா இங்க ஒருத்தரும் மிச்சம் இருக்க மாட்டோம்" என்றார். ஒரு இலையை அறுத்து, நடுவில் கிழித்து, ஆளுக்குப் பாதி போட்டுச் சாப்பிட்டோம். ரசம் நன்றாக இருந்தது, அதைச் சொன்னேன். கிளம்பும்போது ஒரு கன்றைக் காட்டி, எடுத்துக்கிட்டுப் போங்க என்றார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கொண்டுவரவும் இல்லை. அவரும் அதைச் செய்திருக்கிறார் என்று தெரிந்ததில் என் பாரம் ஒன்றும் குறையவில்லை. ஒரே பாரத்தை இன்னொரு பெண்ணும் எனக்குத் தெரியாமல் நாலு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து சுமந்துகொண்டிருந்தாள் என்பது மட்டும் தெரிந்தது. "புள்ளைக்கு எழுதுங்க. எம் பேரையும் சேத்து எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

ஆகவே, நீ கேட்டதற்குப் பதில். கயிறு கட்டாதே. தோண்டாதே. உன் ஜாதகம் யாரையும் கொல்லவில்லை, உன் வாழையும் கொல்லவில்லை. முதல் உறைபனி விழுந்து இலை கறுக்கட்டும், கறுத்ததும் இலையை மட்டும் வெட்டிவிடு, தண்டை விட்டுவிடு. போன வருஷத்து வைக்கோல் மக்கியிருக்கும், அதை அடியில் பரப்பிவிட்டுப் புதிதாக வாங்கி அடை. இறுக்கி அடைக்காதே, காற்றுப் போக வேண்டும். உச்சியில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள், குளிரைவிட ஈரம்தான் அதற்கு எமன். மார்ச் மாதம் நாலு நாள் வெயில் அடித்ததும் அவசரப்பட்டுத் திறந்துவிடாதே, உங்கள் ஊர் வெயிலை நம்ப முடியாது. தண்டு அழுகியிருந்தால் பதறாதே, என்ன செய்ய வேண்டும் என்று உனக்கே தெரியும். பக்கக்கன்று வந்தால் ஜின்சியின் சொந்தக்காரர்களுக்குக் கொடு, உன் வீட்டோடு வைத்துக்கொள்ளாதே. சுகந்தி கொடுத்ததால்தான் அது மிஞ்சியது.

இதைப் படித்த பிறகு என்னோடு பேசப் பிடிக்காமல் போகலாம். பேசு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன், அது பழக்கம். நீ கூப்பிடாவிட்டால் கோபம் நியாயம் என்று எடுத்துக்கொள்வேன். இந்தக் கடிதத்துக்கு இரண்டு நகல் எடுத்திருக்கிறேன். ஒன்று தாமல் அத்தைக்கு, ஒன்று திருப்பருத்திக்குன்றத்துக்கு. அத்தையிடம் நேரில் போய் நானே படித்துக் காட்டுவேன், இனி அவள் உனக்குப் போன் பண்ண மாட்டாள். ஜின்சிக்குத் தமிழ் படிக்க வராது. நீ உட்கார்ந்து அவளுக்குச் சொல்லு, செவ்வாய்க்கிழமையை விட்டுவிடாமல் சொல்லு. தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் அம்மா எப்படிப்பட்டவள் என்று கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குத் தெரியட்டும்.

சுகந்தியின் கைப்பை இன்னும் அந்த ஆணியில்தான் இருக்கிறது. நேற்று முதல் தடவையாகத் திறந்து பார்த்தேன். ஒரு சீப்பு, ஒரு துண்டு, ஆதார் நகல், ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது கொறிக்க ஒரு பொட்டலம் கடலைமிட்டாய். போவதற்கு எல்லாம் தயாராக எடுத்து வைத்திருந்தாள்.

ஜின்சி நர்ஸ், அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உனக்குத்தான் சொல்கிறேன். அவளுக்கு உடம்பு முடியவில்லை என்றால் அந்த நிமிஷமே கூட்டிக்கொண்டு போ. அன்றைக்கு என்ன கிழமை என்று பார்க்காதே.

அம்மா